பெரட்டில் பேர் இல்லாத காலை

காலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்றால் ஐந்தே காலுக்கெல்லாம் நான் நிலையத்துக்குள் இருப்பேன். சிரம்பானிலிருந்து நெடுஞ்சாலை பிடித்து, வழியில் ஒரு தே தாரிக் கட்டிக்கொண்டு போவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. அப்போது நான் வேலை பார்த்த வானொலி நிலையத்தில் கணினி முன் உட்கார்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். 'இப்படி ஒருவர் இல்லை' என்றது திரை.

கை தவறியிருக்கும் என்று மறுபடி தட்டினேன். அதே பதில். இரவுப் பணி முடித்துக் கிளம்ப நின்ற தம்பியைக் கூப்பிட்டு அவர் பெயரைப் போடச் சொன்னேன். அவரும் இல்லையாம். செய்தி அக்காவுக்கு மின்னஞ்சல் திறக்கவில்லை. விளம்பரப் பட்டியலை அச்செடுக்க முடியவில்லை. பாடல் களஞ்சியமும் பூட்டிக்கொண்டது.

மணி ஐந்து ஐம்பது. இழுப்பறையில் கிடந்த இரண்டு குறுந்தட்டுகளை எடுத்துத் துடைத்தோம். அன்று காலை நேயர்கள் கேட்டது அந்த இரண்டு தட்டுப் பாட்டுகளும் என் வாய்ப்பேச்சும்தான். "என்ன தங்கச்சி, இன்னைக்கு ஒரே பழைய பாட்டா போடுறீங்க, நல்லா இருக்கு" என்று கோல பிலாவிலிருந்து ஓர் அண்ணன் அழைத்துப் பாராட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு வந்த தொழில்நுட்ப அண்ணனிடம், "பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"பாட்டு அப்படியே இருக்கும்மா. நீங்க யாருன்னுதான் அதுக்குத் தெரியல. பேரேடு காலி" என்றார்.

அவர் பேரேடு என்று சொன்னது டைரக்டரி சர்வர் எனும் வழங்கியை. ஒரு நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களின் கடவுச்சொல் எது, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எந்தக் கோப்பை யார் தொடலாம் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கும். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் என்று நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும். வேலை செய்யும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

பாட்டி சொன்ன பெரட்டு

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் பாட்டிக்கு மட்டும் உடனே புரிந்தது. அவர் லாபு சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "பெரட்டுல பேர் கூப்பிடாம விட்டுட்டான், அவ்வளவுதானே?" என்றார்.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன், ஆபீஸ் முன்னால் உள்ள திடலில் தோட்டத்து மக்கள் எல்லாரும் கூடி நிற்பார்கள். அதுதான் பெரட்டு. கிராணி கையில் செக்ரோல் இருக்கும். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் குறி போடுவார். அந்தக் குறி விழுந்தால்தான் அன்றைய நிரை, அன்றைய கூலி. லயத்து வீடு, மருந்துக் கொட்டகை, ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விடுவது எல்லாம் அந்த ஒரு பேரில் தொங்கிக்கொண்டிருந்தன. பேர் விடுபட்டுப் போனால் மண்டோர் பின்னால் கெஞ்சிக்கொண்டு திரியவேண்டியதுதான்.

"பேர் இல்லாட்டி ஆள் இல்ல" என்பார் பாட்டி. தோட்டத்துக்கு வெளியிலும் நம் சமூகம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமல் போனவர்கள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011ஆம் ஆண்டு மைடஃப்தார் பதிவு இயக்கம் நடந்தபோது ஆவணமில்லாத இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து பதிந்தார்கள். ஏட்டில் பேர் ஏறுவது நமக்குச் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை.

கணினிப் பேரேடும் செக்ரோல் மாதிரிதான். கட்டமைப்பு மட்டும் ஒரு மரம் போலக் கிளை பிரிந்து போகும். மேலே நாடு, அதன் கீழ் நிறுவனம், அதன் கீழ் பிரிவு, கடைசியில் ஆள். 'நெகிரி செம்பிலான், இன்ன தோட்டம், நாலாம் பிரிவு, இன்னார் மகன் இன்னார்' என்று கடித உறை முகவரியைக் கீழிருந்து மேலாகப் படித்தால் வருமே, அதே வரிசைதான்.

இதற்கான அனைத்துலக விதி எக்ஸ்.500 என்ற பெயரில் 1988இல் வந்தது. அன்றைய சாதாரணக் கணினிகளுக்கு அது மிகப் பெரிய சுமை. அதனால் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அதை இளைத்துக் கொடுத்தார்கள். 1993இல் வெளிவந்த அந்த எளிய விதிமுறைக்கு எல்டேப் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டு விண்டோசோடு கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரியும், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்எல்டேப்பும் அந்த வழியில் வந்தவைதான்.

பெருத்த ஏட்டை வேகப்படுத்துவது

ஐம்பது பேர் உள்ள அலுவலகத்தில் பேரேட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஐந்து லட்சம், ஐம்பது லட்சம் பேர் என்று பெருத்துவிட்டால்தான் தலைவலி. காலை எட்டே முக்காலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கணினியைத் திறப்பார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் ஏடு மூச்சுத் திணறும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரேட்டில் எழுதுவது குறைவு, படிப்பது மிக அதிகம். ஒருவர் வேலைக்குச் சேரும்போது ஒரு தடவை எழுதுகிறார்கள். பிறகு அவர் கதவு திறக்க, அஞ்சல் பார்க்க, அச்செடுக்க என்று ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். ஆகவே படிப்பதை வேகப்படுத்துவதுதான் முதல் வேலை.

அதற்கு முதல் வழி இண்டெக்ஸ். கிராணியிடம், "அஞ்சாம் நம்பர் லயத்துல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டால், பேர் வரிசையில் உள்ள செக்ரோலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டும். லயத்து எண் வரிசையில் தனியாக ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தால் நொடியில் சொல்லிவிடலாம். அந்தச் சின்ன நோட்டுதான் இண்டெக்ஸ். எந்தக் கேள்வி அடிக்கடி வருகிறதோ அதற்கு ஒரு நோட்டு. எல்லாக் கேள்விக்கும் ஒன்று போட்டு வைத்தால், புதிய ஆள் சேரும் ஒவ்வொரு முறையும் அத்தனை நோட்டிலும் எழுத வேண்டியிருக்கும். எழுதும் வேலை நொண்டும். எந்தத் தேடலுக்கு நோட்டு இல்லாமல் முழு ஏட்டையும் புரட்ட வேண்டியிருந்தது என்பதை வழங்கியே தன் பதிவுக் கோப்பில் குறித்து வைக்கும். அதைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் நல்ல நிர்வாகிக்கு அழகு.

இரண்டாவது வழி நினைவகம். ஏடு வட்டில் இருக்கிறது. வட்டிலிருந்து எடுப்பது மெதுவான வேலை. அடிக்கடி கேட்கும் பக்கங்களை நினைவகத்தில் விரித்து வைத்துக்கொண்டால் வேகம் பன்மடங்கு கூடும். நல்ல கிராணிக்கு முந்நூறு பேரும் மனப்பாடம், ஏட்டைத் திறக்கவே மாட்டார் என்று பாட்டி சொல்வாரே, அதுதான். ஏடு முழுவதும் நினைவகத்தில் அடங்கினால் உத்தமம். அடங்காவிட்டால், அன்றாடம் கேட்கப்படும் பகுதியும் இண்டெக்ஸ்களுமாவது அடங்கும் அளவுக்கு நினைவகம் வாங்கிப் போட வேண்டும்.

எங்கள் நிலையத்திலும் இந்த இரண்டையும் செய்திருந்தார்கள். ஏடு வேகமாகத்தான் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு வழங்கிகள் வேறு. ஒன்று படுத்தால் மற்றொன்று வேலை செய்யும். பிறகு எப்படி இரண்டிலும் பேர் போயிற்று?

நகல் வேறு, காப்பு வேறு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவர், வேலையை விட்டுப் போனவர்களின் பேர்களை நீக்க உட்கார்ந்திருக்கிறார். கிளை தவறி, ஊழியர்கள் இருந்த மொத்தக் கிளையையும் வெட்டிவிட்டார். இரண்டாவது வழங்கியின் வேலையே முதல் வழங்கி செய்வதை அப்படியே செய்வதுதான். சில நொடிகளில் அதுவும் தன் கிளையை வெட்டிக்கொண்டது.

நம்மில் பலர் ஏமாறும் இடம் இது. ஒரே ஏட்டை இரண்டு, மூன்று, நூறு இடத்தில் ஒத்திசைத்து வைத்திருந்தால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். இயந்திரம் பழுதானால் அது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் மனிதத் தவறும் நச்சு நிரலும் வந்தால், நல்லதைப் பரப்பும் அதே வாய்க்காலில்தான் கெட்டதும் பாயும்.

இதற்கு மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதையை விடப் பெரிய சான்று இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த இந்த நிறுவனம் அந்தக் காலகட்டத்தில் உலகக் கொள்கலன் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கையாண்டது. ஜொகூரில் உள்ள தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்தில் அதன் குழுமத்துக்கு 30 விழுக்காட்டுப் பங்கு உண்டு. சென்னையிலும் பெரிய சேவை மையம் வைத்திருக்கிறது.

2017 ஜூன் 27. உக்ரேனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் வழியே நாட்பெட்யா என்ற நச்சு நிரல் கிளம்பியது. மெர்ஸ்க்கின் ஒடெசா அலுவலகக் கணினி ஒன்றில் அந்த மென்பொருள் இருந்தது. அங்கிருந்து உள்ளே நுழைந்த நச்சு, உலகம் முழுவதும் உள்ள அலுவலகங்களில் திரைகளைக் கறுப்பாக்கியது. 76 துறைமுக முனையங்களில் 17இல் வேலை நின்றது. மும்பைப் பக்கம் நவசேவா துறைமுகத்தில் அதன் முனையமும் பாதிக்கப்பட்டது. வாசல்களில் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

மெர்ஸ்க்கின் பேரேடு உலகெங்கும் சுமார் 150 வழங்கிகளில் இருந்தது. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்திசைந்தவை. எது போனாலும் மற்றவை இருக்கின்றனவே என்ற நம்பிக்கை. அத்தனையும் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மற்ற வழங்கிகளுக்குச் சில நாட்களுக்கு முந்தைய காப்புகள் கிடைத்தன. பேரேட்டுக்கு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் மற்ற எதையும் மீட்க முடியாது.

இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடிய மீட்புக் குழு உலகெங்கும் தொலைபேசியில் தேடியது. கடைசியில் ஆப்பிரிக்காவின் கானாவில் ஒன்று அகப்பட்டது. நச்சு பரவுவதற்கு முன்னால் அங்கே மின்சாரம் தடைப்பட்டு, அந்த வழங்கி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. கரண்டு போனதால் பிழைத்தது!

அதோடு கதை முடியவில்லை. கானாவின் இணைய வேகத்தில் அந்த ஏட்டை அனுப்பப் பல நாள் பிடிக்கும் என்று தெரிந்தது. ஆளையே விமானத்தில் அனுப்பலாம் என்றால், கானா ஊழியர்கள் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் கானாவிலிருந்து ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரின் கையில் வட்டைக் கொடுத்தார். அவர் ஆறரை மணி நேரம் பறந்து லண்டன் சேர்ந்தார். அஞ்சலோட்டம் போல ஓடி வந்த அந்த ஒரு வட்டிலிருந்துதான் பேரேடு மறுபடி எழுந்தது.

பத்து நாட்களில் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று நிறுவனத் தலைவர் பின்னர் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டாலர் என்று நிறுவனம் கணக்கிட்டது. இத்தனை பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு மின்தடை என்றால், அதைத் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

எடுத்தால் போதுமா?

எங்கள் நிலையத்தில் காப்பு எடுத்து வைத்திருந்தார்கள். பதினொரு மணிவாக்கில் அதைத் திறந்து ஏற்றினார்கள். எல்லாரும் கைதட்டினோம். பிறகுதான் வேடிக்கை. வேலையை விட்டுப் போய் இரண்டு மாதமான ஒருவரின் பேர் வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த மூன்று பிள்ளைகளின் பேர் இல்லை. அந்தக் காப்பு நாலு மாதத்துக்கு முந்தையது. தானாகக் காப்பெடுக்கும் ஏற்பாடு இடையில் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

பழைய காப்பில் இப்படி ஓர் ஆபத்து உண்டு. நீக்கப்பட்டவர்கள் உயிர்த்தெழுவார்கள். ஆக்டிவ் டைரக்டரி இதற்கென்றே ஒரு கெடு வைத்திருக்கிறது. நீக்கிய பேரின் அடையாளத்தை வழக்கமாக 180 நாள்வரை நினைவில் வைத்திருக்கும். அதற்கும் பழைய காப்பை ஏற்றினால் ஏற்காது. பணத்தைக் கையாடிவிட்டு வேலை நீக்கம் ஆன ஒருவரின் பேர் மறுபடி ஏட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெரிய ஏட்டுக்குக் காப்பெடுப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, ஏட்டின் கோப்புகளை அப்படியே அள்ளி வைப்பது. மீட்கும்போது வேகம் அதிகம். ஆனால் அதே வகை மென்பொருளில்தான் திறக்கும். ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வெறுமனே படியெடுத்தால் பாதி எழுதிய பக்கமும் சேர்ந்து வந்து, படி உதவாமல் போகும். அதற்குரிய கருவியைக் கொண்டுதான் எடுக்க வேண்டும். மற்றொன்று, ஒவ்வோர் ஆளின் விவரத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதி வைப்பது. மீட்கும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்து இண்டெக்சும் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதால் பெரிய ஏட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். ஆனால் மனிதக் கண்ணாலேயே படிக்கலாம், வேறு மென்பொருளுக்கும் கொண்டு போகலாம். அனுபவசாலிகள் இரண்டையும் எடுத்து வைப்பார்கள். வேலை நேரத்தில் ஏடு தடுமாறாமல் இருக்க, ஒத்திசைந்த வழங்கிகளில் ஒன்றை அதற்கென ஒதுக்கி, அதிலிருந்து எடுப்பார்கள்.

'ரொம்பப் பெரிசு, காப்பெடுக்க முடியாது' என்ற பேச்சும் உண்டு. தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 858 டெராபைட் களஞ்சியம் அதில் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே காப்பு இல்லை.

எடுத்த காப்பை ஏற்றிப் பார்க்காமலே இருப்பதும் இதே ரகம்தான். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் நாள் ஓர் ஊழியர் தவறான வழங்கியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த படி ஒன்று கைகொடுத்தது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை இணையத்தில் நேரலையாகவே காட்டியது. நேரலையில் உளறி மாட்டிய அனுபவம் உள்ள எனக்கு, அந்தத் துணிச்சல் மேல் மரியாதை.

நம் வீட்டு ஏடுகள்

'எங்களிடம் ஏது ஐந்து லட்சம் பேர்?' என்று கேட்பீர்கள். கோயில் உறுப்பினர் பட்டியல், மரணச் சகாய நிதிக் கணக்கு, கூட்டுறவுக் கழகப் பங்குதாரர் விவரம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம். நம்மிடம் ஏடுகள் ஏராளம். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்ட நெகிரி செம்பிலானில், ஒரு தோட்டத்து மக்களை இன்று இணைத்து வைத்திருப்பது பல இடங்களில் இப்படி ஒரு பட்டியல்தான். அதுவும் பெரும்பாலும் செயலாளரின் மடிக்கணினியில் மட்டும்.

எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தில் போன ஆண்டு நானே இதைச் சோதித்தேன். "பட்டியலுக்குக் காப்பு இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கும்மா, பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு" என்றார் செயலாளர் ஐயா. "வாங்க, இப்பவே திறந்து பார்ப்போம்" என்றேன். திறந்தது. ஆனால் பேருக்குப் பதில் கோணல் குறிகளாகக் கொட்டின. யூனிகோடு பரவலாவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. பட்டியல் அந்தக் காலத்தில் தட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பை. நல்லவேளை, குறியீட்டை மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஒரு தம்பி அன்றிரவே யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். ஐயா முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடியது.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறோர் இடத்தில். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இது. மடிக்கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வேறொருவர் வீட்டிலோ ஒன்று. வெளிவட்டை எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். கணினியோடு ஒட்டியே கிடந்தால் நச்சு அதையும் தின்னும். ஒவ்வொரு படியிலும் தேதி எழுதுங்கள். பட்டியலில் அடையாள அட்டை எண்கள் இருந்தால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள், அந்தக் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் மேலாக, ஆண்டுக்கு இரண்டு முறையாவது வேறொரு கணினியில் அந்தப் படியைத் திறந்து பாருங்கள். எங்கள் சங்கத்தில் ஆண்டுக்கூட்டத்துக்கு முந்திய வாரம் என்று நாள் குறித்துவிட்டோம். முதல் முறை திறந்து, திரையில் பேர்களை வரிசையாக வாசித்துக்கொண்டு போனோம். இறந்துபோன இருவரைக் குறித்துக்கொண்டோம். விடுபட்ட ஒருவரைச் சேர்த்தோம். அவர் ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவர், பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை என்று யாரோ விட்டுவிட்டிருக்கிறார்கள்.

அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "என் பேர் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இருக்குண்ணே. மூணு எடத்துல இருக்கு" என்றேன்.